வன்னிக் குளங்களுக்கு ஒரு சிறிய ரிமோட் பாய்ப்படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரணைமடுக் குளத்தின் அலைகரையில் ரிமோட்டோடு நிற்கும்போது, அந்தப் பக்கம் போகிறவர்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து கேட்பார்கள். மாடு மேய்க்கிற ஐயாமார், ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள், வலை வைத்துவிட்டுக் கரையேறும் அண்ணன்மார் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். ஓடிக்கொண்டிருக்கும் படகில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு அவற்றுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் இங்கே ஆறுதலாக எழுதுகிறேன்.

இதற்குள் மோட்டார் இருக்கிறதா?

இல்லை. படகை ஓட்டுவது காற்று மட்டும்தான். உள்ளே இரண்டு சேர்வோக்கள், அதாவது ரிமோட் சொல்கிறபடி ஒரு சின்னக் கையை அசைக்கும் கருவிகள், இருக்கும். ஒன்று சுக்கானைத் திருப்பும். மற்றது பாய்க்கயிற்றை இழுக்கும், தளர்த்தும். ரிமோட்டின் இரண்டு குச்சிகளுக்கும் வேலை அவ்வளவுதான்.

அப்படியானால் எதிர்க்காற்றில் எப்படித் திரும்பி வரும்?

நேரே வராது. காற்று வரும் திசைக்கு ஏறக்குறைய 45 பாகை சரிவாக ஒரு பக்கம் கொஞ்சத் தூரம், பிறகு மறுபக்கம் கொஞ்சத் தூரம் என்று மாறி மாறி ஏறி வரும். வளைந்து நிற்கும் பாய், பறவையின் இறக்கை மாதிரி ஒரு பக்க இழுவையைத் தருகிறது. அந்த இழுவையின் பெரும்பங்கு படகைப் பக்கவாட்டில் கொண்டுபோகத்தான் பார்க்கும். படகின் அடியில் தண்ணீருக்குள் நிற்கும் தகடான கீல் அதற்கு இடம் கொடுக்காது. மிஞ்சுகிற பங்கு படகை முன்னே நகர்த்தும். முல்லைத்தீவிலோ பூநகரியிலோ பாய் வலித்து ஓடிய மூத்த கடற்றொழிலாளர் யாரையாவது தெரிந்தால் கேட்டுப் பாருங்கள். இரண்டு கைகளையும் வைத்தே அழகாக விளக்கிக் காட்டுவார்கள்.

முதல் படகுக்கு எந்த நீளம் நல்லது?

என் பதில் 65 சென்ரிமீற்றர். ஏன் என்று சொல்கிறேன்.

ரிமோட் பாய்ப்படகுகளில் உலகம் முழுக்க ஏற்றுக்கொண்ட சில வகுப்புகள் இருக்கின்றன. மிகச் சிறியது ஃபூட்டி. ஓர் அடி நீளம், அதாவது 30 சென்ரிமீற்றர் சொச்சம். அடுத்தது ஆர்ஜி 65. உடலின் நீளம் 65 சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, பாயின் பரப்பு 2250 சதுர சென்ரிமீற்றரைத் தாண்டக்கூடாது, மற்றப்படி வடிவம் உங்கள் விருப்பம். அதற்கு மேலே ஐஓஎம் என்கிற ஒரு மீற்றர் வகுப்பு. 1988இல் தொடங்கியது. நீளம் ஒரு மீற்றருக்குள், எடை 4 கிலோவுக்குக் குறையக்கூடாது, தண்ணீருக்குள் இறங்கும் ஆழம் 42 சென்ரிமீற்றருக்குள் என்று அதற்குக் கண்டிப்பான விதிகள். இன்னும் பழையது மார்பிள்ஹெட். 1930களில் அமெரிக்காவின் மசச்சூசெட்ஸ் கரையில் அதே பெயருள்ள ஊரில் பிறந்தது, 50 அங்குல நீளம்.

படகு நீளமாக நீளமாக வேகமும் கூடும். படகு தண்ணீரில் நிற்கும் நீர்க்கோட்டின் நீளத்தை அடிக்கணக்கில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் கிடைப்பது அந்தப் படகு சிரமமில்லாமல் எட்டும் வேகம், மணிக்குக் கடல் மைலில். அந்தக் கணக்கில் ஃபூட்டி ஒரு செக்கனுக்கு 70 சென்ரிமீற்றர் போகும், 65 சென்ரிமீற்றர் படகு ஒரு மீற்றர் போகும், ஒரு மீற்றர் படகு ஒன்றேகால் மீற்றர் போகும். பார்த்தீர்களா, 30இலிருந்து 65க்குப் போகும்போது கிடைக்கிற லாபம், 65இலிருந்து 100க்குப் போகும்போது கிடைப்பதில்லை. ஃபூட்டி கட்ட லேசானது, பாடசாலைப் பைக்குள்கூட வைக்கலாம். ஆனால் எங்கள் சோளகக் காற்றுக்கு அது தாங்காது. குளத்தின் சின்ன அலைகூட அதற்குப் பெரிய அலைதான்.

வேகத்தை விட முக்கியமானது ஒன்று இருக்கிறது. படகைக் குளம் வரைக்கும் எதில் கொண்டுபோகப் போகிறீர்கள்? வன்னியில் பெரும்பாலானவர்களுக்கு அது மோட்டார் சைக்கிள், இல்லாவிட்டால் பஸ். நான் முதலில் கட்டியது ஒரு மீற்றர் படகு. பின்னால் தம்பி பிடித்துக்கொண்டு வர, ஏ9 வீதியில் பரந்தன் தாண்டி வரும்போது எதிரே போன பஸ்ஸின் காற்றில் பாய்மரம் இரண்டாக முறிந்தது. இரண்டு மாத வேலை தண்ணீரைப் பார்க்காமலே போனது. 65 சென்ரிமீற்றர் படகின் கீலையும் பாய்மரத்தையும் கழற்றிவிட்டால், உடல் ஓர் உரப்பைக்குள் அடங்கும். பாய்மரம் ஒரு பீவீசி குழாய்க்குள் போகும். ஒரு ஆள் தனியாகக் கொண்டுபோகலாம்.

எங்கள் குளத்தில் ஓடுமா? ஆழம் போதுமா?

குளத்தின் மொத்த ஆழம் இங்கே கணக்கில்லை. வான்மட்டத்தில், அதாவது குளம் நிறைந்து வான் பாயும் அளவில், இரணைமடுவின் ஆழம் 36 அடி. ஆனால் நீங்கள் நிற்கும் கரையில் எத்தனை அடி என்பதுதான் கேள்வி. 65 சென்ரிமீற்றர் படகின் கீல் 30 முதல் 35 சென்ரிமீற்றர் வரை தண்ணீருக்குள் இருக்கும். முழங்கால் தண்ணீர் வேண்டும். அலைகரைப் பக்கம் நிலம் சரிவில்லாமல் தட்டையாகப் போவதால், முழங்கால் தண்ணீருக்குச் சேற்றுக்குள் நெடுந்தூரம் நடக்க வேண்டியிருக்கும். குளக்கட்டுப் பக்கம் உடனே ஆழம், ஆனால் அங்கே அடுக்கிய கற்கள் படகின் வயிற்றைக் கீறிவிடும். கட்டும் தட்டையும் சந்திக்கிற மூலை, மாடு இறங்குகிற மணல் துறை, இப்படியான இடமாகத் தேடுங்கள்.

அடுத்தது தாமரையும் அல்லியும். கீல் நேர் குத்தாக இருந்தால் ஒரே ஒரு அல்லித்தண்டு போதும், படகு நின்றுவிடும். களை உள்ள குளத்துக்குக் கட்டுகிறவர்கள் கீலைப் பின்பக்கம் சரித்து வைக்க வேண்டும், தண்டு வழுக்கிப் போய்விடும். வேகம் கொஞ்சம் குறையலாம், பரவாயில்லை. சுக்கானையும் அப்படியே சரிக்க வேண்டும். பலர் கீலை மட்டும் சரித்துவிட்டுச் சுக்கானை மறந்துவிடுகிறார்கள்.

தண்ணீர் திறக்கும் துருசுக்குப் பக்கத்திலும், மிஞ்சிய தண்ணீர் வழிந்தோடும் வானுக்குப் பக்கத்திலும் ஒருபோதும் விடாதீர்கள். இழுவை கண்ணுக்குத் தெரியாது. பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளவை, அங்கே உள்ளவர்களிடம் முதலில் ஒரு வார்த்தை கேளுங்கள். மன்னாரில் கட்டுக்கரைக்குளம் பறவைகளின் சரணாலயம், சுண்டிக்குளம் தேசியப் பூங்கா. அந்த இரண்டையும் கொக்குக்கும் கூழைக்கடாவுக்கும் விட்டுவிடுவோம். எங்களுக்கு வேறு குளங்கள் ஏராளம்.

எந்த மாதத்தில் காற்று சரியாக இருக்கும்?

என்னைக் கேட்டால் தையும் மாசியும். மாரி மழையில் குளம் நிறைந்திருக்கும், வாடை சீராக வீசும், பெரும்பாலும் பாய் தாங்குகிற அளவில்தான் இருக்கும். பங்குனி, சித்திரையில் காற்று விழுந்துவிடும். காலையில் படகு கண்ணாடியில் வைத்த மாதிரி நிற்கும். பாய் எப்படி நிற்க வேண்டும், எவ்வளவு தளர்த்த வேண்டும் என்று பழகுவதற்கு அதுவும் நல்ல காலம்தான். பின்னேரம் இடி முழங்கினால் உடனே நிறுத்துங்கள். வெட்டவெளியில், தண்ணீர்க் கரையில், கையில் அன்ரெனாவோடு நிற்கக்கூடாது.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை சோளகம். மன்னார்த் தீவிலும் பளையிலும் காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்று இந்த மாதங்களில் குளக்கரையில் நின்றால் தெரியும். அந்தக் காற்றுக்குச் சிறிய பாய் வேண்டும். ஆர்ஜி 65 வகுப்பில் ஒரு படகுக்கு மூன்று பாய்த்தொகுதிகள் வரை வைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. எங்களுக்கு இரண்டு போதும்: முழுப் பாய் ஒன்று, அதில் பாதியளவு ஒன்று. பலர் பெரிய பாயை மட்டும் செய்துவிட்டுச் சோளகத்தில் படகு அணியத்தை, அதாவது முன்முனையை, தண்ணீருக்குள் குத்துகிறது என்று கவலைப்படுகிறார்கள். அது படகின் பிழை இல்லை, பாய் கூடிவிட்டது. சோளகம் உச்சத்தில் இருக்கும்போது சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறந்து குளமும் வற்றிவரும். துறையில் நேற்றுவரை இருந்த முழங்கால் தண்ணீர் இன்று இருக்காது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்குவதா, நானே கட்டுவதா?

இரண்டும் சரிதான். டிராகன்போஸ் 65 என்று ஜாய்ஸ்வே நிறுவனம் செய்யும் 65 சென்ரிமீற்றர் படகு ஒன்று உண்டு. உடல் பிளாஸ்ரிக்கில் வார்த்தது, எடை 1.2 கிலோ அளவு, சில மாலைகளில் பூட்டிவிடலாம். அதன் அண்ணன் டிராகன்போஸ் 95, ஏறக்குறைய 2 கிலோ. உதிரிப்பாகம் தனித்தனியாக வாங்கலாம் என்பது அவற்றின் பெரிய நன்மை. ஆனால் கப்பற்செலவும் வரியும் சேர்ந்தால் விலை எங்கேயோ போய்விடும். அதோடு அலைபரப்பும் கருவிகள் இலங்கைக்குள் வருவது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கட்டுப்பாட்டுக்குள் வருகிறது. ரிமோட்டோடு முழுப் பெட்டியாக வெளிநாட்டிலிருந்து எடுப்பதானால் அந்த விசாரிப்பை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். உள்ளூரில் ரிமோட் விமான, ட்ரோன் சாமான் விற்பவர்களிடமே ரிமோட்டையும் சேர்வோவையும் வாங்குவது தலையிடி குறைவு.

நான் கட்டுவதைத்தான் சொல்வேன். செலவு ஒரு காரணம். பெரிய காரணம் வேறு. குளத்தில் ஒன்று உடைந்தால், கட்டியவருக்கு அது எப்படி உள்ளே நிற்கிறது என்று தெரியும். அடுத்த சனிக்கிழமை படகு மறுபடி தண்ணீரில் இருக்கும். ஆர்ஜி 65க்கு இலவச வரைபடங்கள் இணையத்தில் நிறைய உண்டு. கிளிநொச்சியில் எந்தப் போட்டோக்கொப்பிக் கடையிலும் உண்மை அளவில் அச்செடுக்கலாம்.

உடலை எதில் செய்வது? பல்சா மரம் கிடைக்கவில்லையே.

பல்சா இல்லாமல் முடியும். மூன்று வழிகள் சொல்கிறேன், முதலாவதைத்தான் புதியவர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

ரெஜிபோம். தொலைக்காட்சிப் பெட்டியோடு வரும் பொதி ரெஜிபோமை விட, கட்டடக்காரர் பாவிக்கும் இறுக்கமான தட்டு நல்லது. வரைபடத்தின் குறுக்குவெட்டுகளை மட்டையில் வெட்டி அளவு பார்த்துப் பார்த்து, மண்கடதாசியால் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே பழுப்புக் கடதாசியைத் துண்டுதுண்டாகத் தச்சர் பாவிக்கும் வெள்ளைப் பசையில் தோய்த்து இரண்டு மூன்று அடுக்கு ஒட்டுங்கள். காய்ந்த பிறகு எப்பொக்சி, அதாவது இரண்டு பகுதிகளைக் கலந்தால் இறுகும் பிசின், பூசுங்கள். சேர்வோவும் பற்றரியும் இருக்க நடுவில் ஒரு குழி வெட்டுங்கள். இந்த முறையில் படகு ஓட்டையானாலும் தாழாது.

இதில் ஒரு பெரிய எச்சரிக்கை. எங்கள் கரையோரத்தில் பைபர் படகு திருத்துகிறவர்களிடம் ரெசினும் நார்ப்பாயும் தாராளமாக இருக்கும், கேட்டால் மிச்சத்தைச் சந்தோசமாகத் தருவார்கள். அது பொலியெஸ்ரர் ரெசின். ரெஜிபோமில் பட்டால் சீனி மாதிரிக் கரைத்துவிடும். என்னுடைய ஒரு படகு உடல் கண்முன்னே பள்ளம் பள்ளமாக உள்ளே போனது. ரெஜிபோமுக்கு எப்பொக்சி மட்டும்தான். ஸ்ப்ரே பெயின்ற் அடிப்பதானாலும், கடதாசி அடுக்கு முழுதாக மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே அடியுங்கள்.

இரண்டாவது வழி, அந்த பொலியெஸ்ரர் ரெசினைப் பயன்படுத்துகிற வழி. மரத்தில் ஓர் அச்சுச் செய்து, மெழுகு பூசி, அதன் மேல் பைபர் வார்ப்பது. நான்கைந்து பேர் சேர்ந்து ஒரே மாதிரிப் படகுகள் கட்டுவதானால் இது அருமை. ஒரு அச்சில் எத்தனையும் எடுக்கலாம், எல்லாப் படகும் ஒன்று என்றால் போட்டி ஓட்டுகிறவருக்கு இடையில்தான். ஒருவருக்கு மட்டும் என்றால் வேலை அதிகம்.

மூன்றாவது, மெல்லிய மரக்கீற்றுகளைச் சட்டங்களின் மேல் ஒட்டிக் கட்டுவது. மிக அழகான படகு இப்படித்தான் வரும். உள் சட்டங்களுக்கு முள்முருக்கு நல்லாக வரும். வேலிக்கு நடுவதும் கலியாண வீட்டில் கன்னிக்காலாக ஊன்றுவதும் இந்த மரம்தான். காய்ந்தால் கையில் பாரமே தெரியாது. பூச்சி அரிக்கும், ஈரம் குடிக்கும் என்பதால் எல்லாப் பக்கமும் எப்பொக்சி பூச வேண்டும்.

எந்த வழியானாலும் எப்பொக்சியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். எங்கள் வெயிலில், பெட்டியில் எழுதியிருக்கும் நேரத்துக்கு முன்னரே அது இறுகிவிடும்.

முப்பரிமாண அச்சில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பீஎல்ஏ என்கிற பிளாஸ்ரிக் வேண்டாம். அது 60 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். கறுப்பு, கடும் நீல உடல் ஒன்று மதிய வெயிலில் மோட்டார் சைக்கிள் சீற்றில் கிடந்தால் வளைந்துவிடும். பீஇரீஜி என்கிற பிளாஸ்ரிக்கைப் பாவித்து வெள்ளை நிறத்தில் எடுங்கள்.

கீலுக்கு ஈயம் ஏன்? எவ்வளவு?

65 சென்ரிமீற்றர் படகின் மொத்த எடை ஒரு கிலோ அளவில் வரும். அதில் ஏறக்குறைய பாதி கீலின் அடியில் தொங்கும் குண்டில் இருக்க வேண்டும். 500 கிராம் ஈயம் 44 கனசென்ரிமீற்றர் இடம்தான் பிடிக்கும். சின்னதாக, வழுவழுப்பாக இருந்தால் தண்ணீரைக் குறைவாக இழுக்கும்.

வலைக்குக் கோக்கும் ஈயமணிகள் முல்லைத்தீவிலும் மன்னாரிலும் வலைச்சாமான் கடைகளில் கிடைக்கும். முதல் படகுக்கு அவற்றை உருக்கவே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். மெல்லிய பிளாஸ்ரிக்கில் ஒரு நீண்ட சுருட்டு வடிவக் கூடு செய்து, மணிகளை நெருக்கி நிரப்பி, இடைவெளிக்கு எப்பொக்சி ஊற்றுங்கள். இடைவெளி காரணமாகக் குண்டு கொஞ்சம் பெருக்கும், 70 கனசென்ரிமீற்றர் அளவு வரும். படகு நன்றாகவே ஓடும்.

உருக்கத்தான் போகிறீர்கள் என்றால் கவனமாகக் கேளுங்கள். ஈயம் 327 பாகையில் உருகும். அச்சில் ஒரு துளி ஈரம் இருந்தாலும் அது நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்க வைக்கும். பிளாஸ்ரர் அச்சை நாட்கணக்கில் காயவையுங்கள். வெளியில், காற்று முதுகுப்பக்கம் வர நின்று செய்யுங்கள். சமையல் பாத்திரத்தை எடுக்காதீர்கள், எடுத்தால் அது பிறகு சமையலுக்கு இல்லை. பழைய வாகன பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பதை யாரும் செய்யக்கூடாது. அமிலமும் ஈயத் தூசியும் வீட்டுப் பிள்ளைகளின் உடம்புக்குள் போகும்.

அன்னபூரணி மாதிரி ஒரு கப்பலைச் சின்னதாகச் செய்து ஓட்டினால் என்ன?

இந்தக் கேள்வி வந்தால் எனக்கு மனம் நிறைந்துவிடும். வல்வெட்டித்துறையில் கட்டிய அந்த 89 அடிக் கப்பல், 1938இல் மசச்சூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மேலே சொன்ன மார்பிள்ஹெட் ஊரும் அதே கரையில்தான் இருக்கிறது. முப்பதில் ஒரு பங்காகச் செய்தால் 90 சென்ரிமீற்றர், கையில் தூக்கக்கூடிய அளவு.

ஆனால் முதல் படகாக வேண்டாம். காரணம் கணக்கில் இருக்கிறது. ஒரு படகை எல்லாப் பக்கமும் பாதியாக்கினால் பாயின் பரப்பு நாலில் ஒன்றாகும், உயரமும் பாதியாவதால் அது படகைச் சாய்க்கும் வலு எட்டில் ஒன்றாகும். எடையோ எட்டில் ஒன்றாகும், அந்த எடை படகை நிமிர்த்தும் வலு பதினாறில் ஒன்றாகிவிடும். காற்று மட்டும் சிறிதாகாது. அதாவது பாதியளவுப் படகு இரண்டு மடங்கு லேசாகச் சரியும், முப்பதில் ஒரு பங்குப் படகு முப்பது மடங்கு லேசாகச் சரியும். அச்சொட்டாகச் செய்த மாதிரி தண்ணீரில் வைத்த கையோடு படுத்துவிடும். அதனால்தான் ஓடுகிற மாதிரிகளுக்கெல்லாம் அடியில் நீண்ட கீலும் ஈயக்குண்டும் வைக்கிறார்கள். வள்ளமானாலும் தோணியானாலும் அப்படித்தான், கழற்றிப் பூட்டக்கூடிய ஒரு கீல் சேர்க்க வேண்டும். இரண்டு பாய்மரமும் குறுக்குப் பாய்களும் உள்ள கப்பலுக்கு இன்னும் பல கயிறுகளை இழுக்க சேர்வோக்களும் வேண்டும். ஒற்றைப் பாய்மரப் படகில் ஒரு வருடம் ஓடிவிட்டு அதற்கு வாருங்கள். வந்தால் எனக்கும் காட்டுங்கள்.

பாய்க்கும் பாய்மரத்துக்கும் என்ன வாங்குவது?

பட்டம் கட்டத் தெரிந்தவருக்கு இதில் பாதி தெரியும். பூச்செண்டு சுற்றும் தெளிவான தாள், படம் வரையும் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் இரண்டுமே பாய்க்கு ஆகும். இழுத்தால் நீளாததா என்று மட்டும் பாருங்கள். குடைத்துணி நீளும், அதனால் அது சரிவராது. ஓரங்களை நல்ல ஒட்டுநாடாவால் மடித்து ஒட்டுங்கள். பாயின் உச்சியில் செம்மஞ்சள் நிறம் கொஞ்சம் பூசிவிட்டால் வெள்ளை வானத்துக்கு எதிரே தூரத்தில் தெரியும். பாய்மரத்துக்கு உடைந்த தூண்டில் தடியின் மெல்லிய பகுதி போதும், இல்லாவிட்டால் நேராக வளர்ந்து காய்ந்த மூங்கில். பாய்க்கயிறுக்குப் பின்னல் தூண்டில் நூல் பாவியுங்கள். தங்கூசி சுருண்டு சுருண்டு சிக்கிக்கொள்ளும், நீளவும் செய்யும்.

ரிமோட், சேர்வோ, பற்றரி?

2.4 கிகாஹேர்ட்ஸ் ரிமோட், இரண்டு சனல் இருந்தால் போதும். சுக்கானுக்கு 9 கிராம் சின்ன சேர்வோ. பாய்க்கு அதைப் போடாதீர்கள், பல் நொறுங்கிவிடும். உலோகப் பல் உள்ள சாதாரண அளவு சேர்வோ ஒன்றுக்கு நீண்ட கை பூட்டுங்கள். கயிறைச் சுற்றும் விஞ்சு சேர்வோ ஒரு மீற்றர் படகுக்குத்தான் தேவை. நான்கு ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏ பற்றரிகள் ஒன்றரை மணி நேரத்துக்குத் தாராளம். லிப்போ எனப்படும் லிதியம் பற்றரி வெயிலில் மூடிய உடலுக்குள் கிடப்பது எனக்கு விருப்பமில்லை. 2.4 கிகாஹேர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் போகாது, அதனால் படகில் உள்ள ரிசீவரின் அன்ரெனாவைப் படகின் மேல்தட்டுக்கு ஒட்டினாற்போல் மேலே வையுங்கள். ரிசீவரை ஒரு பலூனுக்குள் போட்டு வாயைக் கட்டுங்கள்.

கடலில், நந்திக்கடலில் ஓட்டலாமா?

உப்புத்தண்ணீர் சேர்வோவைச் சில நாளிலேயே தின்றுவிடும். களப்பில் வலைகளும் தடிகளும் இருக்கும். ஒருவரின் தொழில் வலையில் எங்கள் கீல் சிக்குவது சரியில்லை. குளத்தில் நன்றாகப் பழகிய பிறகு, அங்கே தொழில் செய்பவர்களிடம் கேட்டு, அமைதியான காலையில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் முழுப் படகையும் கழுவுங்கள்.

படகு நடுக்குளத்தில் நின்றுவிட்டால்?

நீந்திப் போகாதீர்கள். எங்கள் குளங்களில் முதலை இருக்கிறது. அல்லிக்கொடி காலைச் சுற்றும். படகு போனால் இன்னொன்று கட்டலாம்.

இதைத் தவிர்க்க ஓர் எளிய பழக்கம்: காற்று உங்கள் முகத்தில் அடிக்கிற கரையில் நில்லுங்கள். பற்றரி செத்தாலும் படகு மெதுவாக உங்களிடமே ஒதுங்கி வரும். முதுகுப்பக்கக் காற்றில் விட்டால் அக்கரைக்குப் போய்விடும். கரைக்குக் கிட்ட சிக்கினால், தூண்டில் நூலின் முனையில் ஒரு ரெனிஸ் பந்தைக் கட்டிப் படகுக்கு அப்பால் எறிந்து மெதுவாக இழுங்கள்.

படகு ஒதுங்கிய இடத்துக்கு ஓடுவதற்கு முன் இன்னொன்று. மிதிவெடி அகற்றாத இடம் என்று சிவப்பு அடையாளம் இருந்தால், ஆள் நடமாட்டமில்லாத பற்றைக் கரையாக இருந்தால், போகவே வேண்டாம். சந்தேகமான இரும்பு எதையும் தொடாமல் பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ சொல்லுங்கள். பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதைப் படகு இறக்குவதற்கு முன்பே அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள்.

நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். எனக்கு ஒரு கைதான் இருக்கிறது. என்னால் முடியுமா?

முடியும். ஓடவோ குனியவோ தேவையில்லாத விளையாட்டு இது. இருந்து ஓட்டுகிறவரும் நின்று ஓட்டுகிறவரும் ஒரே வரிசையில், எந்தச் சலுகையும் இல்லாமல் போட்டியிடலாம். காற்றை வாசிப்பதுதான் இதில் திறமை. சக்கரம் புதையாத இடமாக, குளக்கட்டு வீதி தண்ணீருக்குக் கிட்ட வரும் இடமாகப் பாருங்கள். படகை இறக்க மட்டும் ஒருவர் கூட வந்தால் சரி.

ஒரு கையால் ஓட்டுவதற்கு, சுக்கானையும் பாயையும் ஒரே குச்சிக்கு மாற்றலாம். இடம் வலம் அசைத்தால் சுக்கான், மேல் கீழ் அசைத்தால் பாய். இதற்கு இரண்டு சனல் ரிமோட் போதாது, நான்கு சனல் வேண்டும். அப்படியான பெரும்பாலான ரிமோட்டுகளில் வலது குச்சியின் இரு அசைவுகளும் முதல் இரண்டு சனல்கள்தான், அதனால் பாய் சேர்வோவின் வயரை ரிசீவரில் இரண்டாவது இடத்தில் செருகினால் போதும். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும்: மேல் கீழ் அசைவில் குச்சி தானாக நடுவுக்கு வராமல், விட்ட இடத்தில் நிற்க வேண்டும். ரிமோட்டின் பின்மூடியைக் கழற்றி அந்தப் பக்க ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மற்றக் குச்சியில் இருக்கும் உராய்வுத் தகட்டை இந்தப் பக்கம் மாற்றிப் பூட்டுங்கள். கைபேசி திருத்துகிற தம்பிமார் யாரும் அரை மணி நேரத்தில் செய்து தருவார்கள். இடக்கைக்காரர் எனில், இடது குச்சி வேலை செய்யும் வகை ரிமோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

கட்டி முடிக்க எவ்வளவு காலம் எடுக்கும்?

மாலையில் ஒரு மணி நேரம், சனி ஞாயிறில் கொஞ்சம் கூட என்றால், ரெஜிபோம் படகு ஆறு முதல் எட்டுக் கிழமை. ஐப்பசியில் மழை வீட்டோடு இருத்துகிறபோது தொடங்குங்கள். ஈரக் காலத்தில் வெள்ளைப் பசை காய நாள் எடுக்கும், அடுப்படிப் பக்கம் வைத்தால் காயும். கார்த்திகையில் கீலும் சுக்கானும். மார்கழியில் பாய். முற்றத்து நீர்த்தொட்டியில் ஒருமுறை மிதக்கவிட்டு, நீர்க்கோடு வரைபடத்தில் உள்ள இடத்தில் நிற்கிறதா, அணியம் தாழ்கிறதா என்று பார்த்து, பற்றரியை முன்னுக்குப் பின்னுக்கு நகர்த்திச் சரிசெய்யுங்கள். தைப்பொங்கலுக்குக் குளம் நிறைந்திருக்கும், வாடையும் இருக்கும்.